உடுமலைத் தோப்பில் ராட்சத மீன்களுக்கு ஒரு குளம்: அளவு, தண்ணீர், சுவர், வடிகால்

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உடுமலைப்பேட்டைக்கு வடக்கே பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்ட) வாய்க்கால் ஓரத்தில் உங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. மூன்று அங்குலக் குஞ்சுகளாக வாங்கிய இரண்டு ரெட்டெயில் கெளுத்திகள் இப்போது இரண்டடியைத் தாண்டிவிட்டன. ஆறடிக் கண்ணாடித் தொட்டிக்குள் அவை திரும்புவதற்கே சிரமப்படுகின்றன. தோப்புக்குள் திறந்தவெளியில் ஒரு குளம் கட்டி, அதில் ஒரு சோடி அரபைமாவையும் சேர்த்து விட விரும்புகிறீர்கள். குளம் முடியும்வரை இந்த இரண்டையும் பயன்பாட்டில் இல்லாத பழைய கிணற்றில் விட்டுவைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கிணற்றில் விட வேண்டாம். நம் பக்கத்துப் பாசனக் கிணறுகளில் ஜிலேபியும் கெண்டையும் விடுவது பழைய வழக்கம்தான், அவை பிழைத்தும் கொள்கின்றன. ஆனால் அறுபது, எழுபது அடி ஆழக் கிணற்றில் மேல்மட்டத் தண்ணீர் வெயிலில் சூடாகி மிதந்து நிற்க, அடித்தண்ணீர் குளிர்ந்து, காற்றோட்டமின்றி, ஆக்சிஜன் தீர்ந்த நிலையில் தனியே கிடக்கும். ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டும் மழை மேல்தண்ணீரைக் குளிர்வித்து இரண்டையும் கலக்கிவிடும்போது, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ரெட்டெயில் கெளுத்தி காற்றைச் சுவாசிக்கும் மீன் அல்ல. செவுளை மட்டுமே நம்பியிருப்பது. அதோடு, கிணற்றுக்குள் போன மூன்றடி மீனைக் காயமில்லாமல் திரும்ப எடுக்க எனக்குத் தெரிந்து வழியில்லை. குளம் முடியும்வரை அவற்றுக்கு ஒரு தார்பாய்த் தொட்டி போதும். 12 அடி விட்டமும் 3 அடித் தண்ணீரும் இருந்தால் ஏறத்தாழ 9,600 லிட்டர் பிடிக்கும், ஆறேழு மாதத்துக்கு அது தாங்கும். அதற்கும் ஓர் ஏர் பம்பும் எளிய ஃபில்டரும் வேண்டும், நிழல் வேண்டும், மேலே வலையும் வேண்டும்.

அடுத்தது அரபைமா. இதில் என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: வேண்டாம். அமேசான் படுகையைச் சேர்ந்த அந்த மீன் பண்ணைகளில் முதல் ஆண்டிலேயே 10 கிலோவை எட்டுகிறது. முழு வளர்ச்சியில் 2 மீட்டரைத் தாண்டி, 100 கிலோவுக்கு மேல் எடை போடுகிறது. அது மிரண்டு துள்ளும்போது பக்கத்தில் நிற்பவருக்கு எலும்பு முறியும் அளவுக்கு வேகம் இருக்கும். அதற்கு ஏற்ற குளத்தை உங்கள் தோப்பில் கட்டலாம், ஆனால் அது நீங்கள் நினைத்திருக்கும் குளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். மேலும் அரபைமா, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ள இனம். 2022ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அத்தகைய உயிரினங்களை வைத்திருப்போர் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். குஞ்சு விற்பவர் இதைப் பற்றி வாய் திறக்காமல் விற்றுவிட்டுப் போய்விடுவார். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வாய்க்கால். உங்கள் தோப்பின் வடிகால் எந்தப் பள்ளத்தில் விழுந்து எந்த ஆற்றில் சேர்கிறது என்று ஒரு நாள் நடந்தே பாருங்கள். 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் கேரளத்தின் வளர்ப்புக் குளங்கள் உடைந்து, சாலக்குடி ஆற்றில் அரபைமா வலையில் சிக்கியது. அலிகேட்டர் கார் என்னும் முதலைவாய் மீன்களும் அங்கே ஆறுகளில் பிடிபட்டன. நம் மாநிலத்திலேயே, கடையில் டேங்க் கிளீனர் என்று பத்து இருபது ரூபாய்க்கு விற்ற மீன் ஏரிகளில் பெருகி, மீனவர்களின் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் ஊர் அமராவதிப் படுகையோரம் இருப்பதால் இது இன்னும் கூர்மையான விஷயமாகிறது. அமராவதியின் தலைநீரான பாம்பாற்றில்தான் காவிரிப் படுகையின் திமில் மகசீருக்கு இன்றைய அறிவியல் பெயர் 2007இல் கிடைத்தது. அந்த மீன் 2018இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. நம் ஆறுகளுக்கென்று இருக்கும் உண்மையான ராட்சத மீன் அதுதான். 1946இல் கபினியில் தூண்டிலில் பிடிபட்ட ஒரு மகசீரின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. அதன் வீட்டுக்குள் வெளிநாட்டு வேட்டை மீன் ஒன்று நம் தோப்பு வழியாகப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்ற கவலை, குளத்தின் ஒவ்வொரு குழாயையும் தீர்மானிக்க வேண்டும். மகசீரையே குளத்தில் வளர்க்கும் ஆசையும் வேண்டாம். அது ஓடும் குளிர்ந்த நீரின் மீன்.

ஆக, இந்தக் குளம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இரண்டு ரெட்டெயில்களுக்காகத்தான். தொட்டியின் அளவுக்கு மேல் மீன் வளராது என்று உங்களுக்குச் சொல்லப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அது பொய். குறுகிய தொட்டியில் தேங்கும் கழிவு வளர்ச்சியைத் தடுக்கும், முதுகெலும்பு வளையும், ஆயுள் குறையும். அதை அளவான வளர்ச்சி என்று சொல்ல முடியாது. ரெட்டெயில் இயற்கையில் 4 அடிக்கு மேல் வளர்ந்து 40 கிலோவைத் தாண்டும் மீன். நல்ல வளர்ப்புக் குளத்தில் மூன்று, மூன்றரை அடி சாதாரணம். எனவே 4 அடி மீனுக்கென்றே கணக்குப் போடுவோம்.

பெரிய மீனுக்கு ஆழத்தைவிட அகலம் முக்கியம் என்பதே என் அனுபவம். மீனின் நீளத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறைந்த அகலத்தில் அது உடலை மடக்கித்தான் திரும்பும். ஐந்து மடங்கு இருந்தால் நீந்திக்கொண்டே வளைந்து திரும்பும். 40 அடி நீளம், 20 அடி அகலம், 6 அடித் தண்ணீர் என்று வையுங்கள். இது 4,800 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறத்தாழ 1,36,000 லிட்டர் வருகிறது. நிலம் என்று பார்த்தால் 800 சதுர அடி, இரண்டு சென்ட்டுக்கும் குறைவு. தோப்புக்குள்ளேயே கிடைக்கும் இடம் அது என்பதால் அங்கேயே தோண்டலாம் என்று தோன்றும், தோண்டாதீர்கள். மட்டை விழும், நெற்று விழும், பாளை வெடித்த காலத்தில் பூ உதிர்ந்து தண்ணீர் முழுவதும் மூடும், அத்தனையும் ஃபில்டரில் வந்து அடைக்கும். ரெட்டெயிலுக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு: வாய்க்குள் போகிற எதையும் விழுங்கிவிடும். கூழாங்கல், பிளாஸ்டிக் மூடி, குரும்பை என்று எதையும் அது விடாது. ஆகவே கடைசித் தென்னையிலிருந்து 25 அடி தள்ளி, தோப்புக்கு வெளியே மேட்டுப்பாங்கான இடத்தில் குளம் அமையட்டும். குளத்தின் தரையில் கல்லும் மணலும் போடவே வேண்டாம்.

மேடு என்று சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. பள்ளத்தில் கட்டினால் மழைக்குச் செம்மண் தண்ணீரும், அதோடு தோட்டத்து உரமும் மருந்தும் உள்ளே வரும். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவே போதும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குப் பக்கத்துத் தோட்டத்தில் தெளிக்கும் மருந்தின் சாரல் உங்கள் குளத்தில் வந்து விழும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். மேற்கே உயரமான வேலி, அதில் அடர்ந்த உயிர்வேலி அல்லது ஷேட் நெட் இருக்கட்டும். பக்கத்துத் தோட்டக்காரரிடம் மருந்தடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

குளத்தை நான்கடி தரைக்குக் கீழும் மூன்றடி தரைக்கு மேலுமாகக் கட்டுவதைப் பரிந்துரைக்கிறேன். தண்ணீர் ஆறடி நிற்கும், சுவர் அதற்கு மேல் ஓரடி நிற்கும். வெளித்தண்ணீர் உள்ளே வராது, குழந்தைகளும் கன்றுக்குட்டிகளும் தவறி விழ மாட்டார்கள், கீழ்த்தண்ணீரின் குளிர்ச்சியும் கிடைக்கும். சுவரை மட்டும் இலேசாக எண்ணிவிடக் கூடாது. ஆறடித் தண்ணீர் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 1.7 டன் விசையோடு வெளியே தள்ளுகிறது. ஆழம் இரட்டித்தால் இந்த விசை நான்கு மடங்காகும். வெளியே மண் தாங்குகிறதே என்று ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் கட்டுபவர்கள், குளத்தைக் காலி செய்யும் நாளில் அதே மண் உள்ளே தள்ளும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கரிசல் மண்ணாக இருந்தால் மழைக்கு உப்பி, கோடைக்கு வெடித்து, ஆண்டுக்கு இரண்டு முறை சுவரை அசைத்துப் பார்க்கும். கம்பி கட்டிய கான்கிரீட்தான் வேண்டும். கம்பியின் அளவையும் இடைவெளியையும் ஒரு கட்டடப் பொறியாளரிடம் எழுதி வாங்குங்கள். செம்மண்ணுக்கு அடியில் சுக்கான் பாறை தட்டுப்படும் இடமாக இருந்தால் நல்லது, அடித்தளம் இறங்காது.

வாய்க்கால் ஓரம் என்று சொன்னீர்கள். தண்ணீர் விடும் பருவத்தில் உங்கள் நிலத்தடி நீர்மட்டம் எத்தனை அடியில் நிற்கிறது என்று அந்தப் பழைய கிணற்றிலேயே அளந்து வையுங்கள். நான்கடிக்குள் நீர் ஏறும் இடமானால், காலியான குளத்தை அது அடியிலிருந்து தூக்கும், தளம் வெடிக்கும். அந்த நிலையில் தோண்டுவதை இரண்டடியாகக் குறைத்து, மற்றதை மேலே கட்டி, வெளிப்பக்கம் மண் அணைத்துக்கொள்ளுங்கள்.

தார்பாயிலேயே கட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். பல்லடம், காங்கேயம் பக்கத்துத் தோட்டங்களில் போர்த் தண்ணீர் சேமிக்க அப்படித்தான் குட்டை அமைக்கிறார்கள், செலவும் குறைவு. ஆனால் கெளுத்தியின் மார்புத் துடுப்பில் அரம் போன்ற முள் இருக்கிறது; மடிப்பு விழுந்த இடத்தில் அது மாட்டினால் தார்பாய் கிழியும். வெளியிலிருந்து எலி கடிக்கும். தற்காலிகத் தொட்டிக்குத் தார்பாய் சரி. இருபது ஆண்டு வாழும் மீனுக்குக் கான்கிரீட்தான்.

உள்மூலைகள் நான்கையும் வளைத்துப் பூசச் சொல்லுங்கள். நேர்மூலையில் கழிவு தங்கும், இரவில் மிரண்டோடும் மீனின் மூக்கும் அங்கேதான் இடிபடும். பூச்சு கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும், ஏனெனில் செதிலில்லாத உடல் சொரசொரப்பில் உராய்ந்தால் புண்ணாகிவிடும். புதுச் சிமெண்ட் விடும் சுண்ணாம்பு தண்ணீரின் பிஎச் அளவை 10, 11 வரை ஏற்றும். நம் ஊர்க் கொத்தனார்கள் புதுத் தொட்டியில் வாழை மரத்தைத் துண்டு போட்டு ஊறவைப்பார்கள். அதைச் செய்யுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாமல், தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் வைத்து வடிப்பதை மூன்று முறையாவது செய்து, கடைசித் தண்ணீரின் பிஎச்சும் உங்கள் போர்த் தண்ணீரின் பிஎச்சும் ஒன்றாக இருப்பதை அளந்து பார்த்த பிறகே மீனை விடுங்கள். வடித்த தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் விட வேண்டாம்.

இனி தண்ணீர். இந்தப் பதிலில் மற்ற எதைவிடவும் இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனெனில் கடலோர மாவட்டத்தில் ஒருவர் செய்த குளத்தைப் பார்த்து நாம் அப்படியே செய்தால் தோற்கும் இடம் இது. உங்கள் போர்த் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள், 1,500 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் சப்பைத் தண்ணீர் என்று சொல்கிற இரகம்தான். ரெட்டெயில் மென்னீர் ஆற்றின் மீன் என்றாலும் வளர்ப்பில் கடினநீருக்குப் பழகிக்கொள்ளும். சிக்கல் அந்த 1,500 அப்படியே நிற்காது என்பதில்தான் இருக்கிறது. மழை குறைந்த, காற்று மிகுந்த நம் பக்கத்தில் கோடையில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாவது சாதாரணம். இந்தக் குளத்தின் பரப்புக்கு அது ஏறத்தாழ 450 லிட்டர். ஆவியாகிப் போவது வெறும் நீர், உப்பு தங்கிவிடுகிறது. குறைந்த அளவைச் சப்பைத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே இருந்தால் நாளொன்றுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான உப்பைக் குளத்தில் கொட்டுகிறீர்கள் என்று பொருள். நூறு நாளில் டி.டி.எஸ். ஏறத்தாழ 500 கூடிவிடும். தை மாதம் நன்றாக இருந்த குளம் வைகாசியில் ஏன் சோர்ந்துபோனது என்று புரியாமல் மருந்து தேடுபவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

இதற்குத் தீர்வு உங்கள் தோப்பிலேயே இருக்கிறது. போரிலிருந்து தென்னைக்குப் போகும் தண்ணீரைக் குளத்தின் வழியாக அனுப்புங்கள். நாளொன்றுக்கு 5 விழுக்காடு, அதாவது 6,800 லிட்டர் அடித்தண்ணீரை எடுத்துச் சொட்டுநீரில் விட்டால், மரத்துக்கு 68 லிட்டர் வீதம் நூறு தென்னைக்கு அது கோடைப் பாய்ச்சல். அதே அளவு புதுத் தண்ணீரும் ஆவியானதற்கு ஈடும் குளத்துக்கு வரும். இப்படிச் செய்தால் 1,500 டி.டி.எஸ். 1,600 அளவில் நின்றுவிடும், மேலே ஏறாது. மீன் கழிவில் உள்ள தழைச்சத்தைத் தென்னை எடுத்துக்கொள்ளும், தென்னை உப்பைத் தாங்கும் மரமும்கூட. சொட்டுநீர்க் குழாய்க்கு முன் ஒரு ஸ்கிரீன் ஃபில்டர் அவசியம், இல்லையென்றால் துளைகள் ஒரே மாதத்தில் அடைபடும். ஒரு சொட்டுத் தண்ணீரும் வாய்க்காலுக்கோ பள்ளத்துக்கோ போக வேண்டிய தேவை இல்லாமல் போகிறது என்பதுதான் இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது.

போர்த் தண்ணீரை நேராகக் குளத்தின் அடியில் விடாதீர்கள். ஆழத்திலிருந்து வருவதில் ஆக்சிஜன் மிகக் குறைவு, கரியமில வாயு அதிகம். இரண்டு மூன்று படிகளில் விழுந்து சிதறி வரும்படி அமையுங்கள். ஊராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதைப் பயன்படுத்தினால் சோடியம் தயோசல்ஃபேட் சேர்த்தே விட வேண்டும்.

கடின நீருக்கு ஒரு நன்மையும் ஒரு கேடும் உண்டு. அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்கு ஏழு கிராம் காரத்தன்மையைத் தின்னும். நம் தண்ணீரில் அது தாராளமாக இருப்பதால் பிஎச் திடீரென்று சரியாது. கேடு என்னவென்றால், அமோனியாவின் நச்சுப் பங்கு பிஎச்சோடும் வெப்பத்தோடும் ஏறுகிறது. 30 டிகிரித் தண்ணீரில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நஞ்சாக இருப்பது 1 விழுக்காட்டுக்கும் குறைவு; பிஎச் 8இல் 7 விழுக்காட்டுக்கு மேல்; பிஎச் 9இல் 44 விழுக்காடு.

இந்தக் கணக்கை நான் கண்ணால் பார்த்த ஒரு பிற்பகல் உண்டு. பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில் ஷார்க் என்று கடைகளில் விற்கும் பங்காசியஸ் கெளுத்திகள் இருந்த குளம் அது; தண்ணீர் பாசிப் பச்சை. காலையில் வந்து அளந்துவிட்டு எல்லாம் சரி என்று போகிறார்கள், மாலையில் மீன் சாகிறது என்று அழைத்திருந்தார்கள். காலை 7 மணிக்கு பிஎச் 7.9, அமோனியா 1. இரண்டு எண்ணும் பயமுறுத்தவில்லை. மாலை 4 மணிவரை அங்கேயே உட்கார்ந்திருந்து மறுபடி அளந்தேன்: அமோனியா அதே 1, பிஎச் 9.1. பகல் முழுவதும் பாசி கரியமில வாயுவை உறிஞ்சியதால் பிஎச் ஏறி, அசையாமல் இருந்த அமோனியாவில் ஏறத்தாழப் பாதி நஞ்சாக மாறியிருந்தது. மீன்கள் தண்ணீர் விழும் குழாயின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒதுங்கி நின்றன. செவுள் மூடிகள் துடித்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆகவே காலையில் மட்டும் அளக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு முறை மாலை 4 மணிக்கு அளங்கள். பரப்பின் பாதிக்காவது 50 விழுக்காடு ஷேட் நெட் போட்டால் பாசியும் கட்டுக்குள் இருக்கும், சித்திரை வெயிலில் தண்ணீரும் கொதிக்காது. பாசிக்கு மயில்துத்தம் போடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. செதிலில்லாத இந்த மீன்களுக்கு அதிலுள்ள தாமிரம் ஆகாது, அதைக் குளத்தின் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

ஃபில்டரைப் பற்றிச் சொல்லும்போது பலர் குளத்தின் மொத்தத் தண்ணீரும் மணிக்கு ஒரு முறை சுற்ற வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். இரண்டே மீன்களுக்கு அது வீண். ஒரு கிலோ புரதத் தீவனம் ஏறத்தாழ 30 முதல் 40 கிராம் அமோனியா நைட்ரஜனாக வெளியேறும். வாரத்துக்கு இரண்டு வேளை, வேளைக்கு அரைக்கிலோ உண்ணும் இரண்டு மீன்களின் கழிவை 1,36,000 லிட்டர் தண்ணீர் தாங்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு சுற்று, அதாவது மணிக்கு 34,000 லிட்டர் போதும். தளம் நடுவை நோக்கி அரையடி சரிய வேண்டும். நடுவிலிருந்து ஆறங்குலக் குழாய் ஒன்றும், மேல்மட்டக் குப்பையை இழுக்கும் நான்கங்குலக் குழாய் ஒன்றும் தண்ணீரைத் தானாகவே ஃபில்டர் தொட்டிக்கு இறக்க வேண்டும். முதல் அறையில் கழிவு படியட்டும், இரண்டாவதில் வலைத் தட்டிகள், மூன்றாவதில் பாக்டீரியா வாழும் பொருள். பின்னதற்கு விலையுயர்ந்தது தேவையில்லை; நறுக்கிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளோ, நைலான் வலைச் சுருள்களோ போதும், பரப்பு நிறைய இருக்க வேண்டும் என்பதே கணக்கு. அடிக்குழாயின் வாயில் மீன் விழுங்க முடியாத அகலத்துக்குக் கனத்த மூடி போடுங்கள்.

மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போது கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மோட்டார் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா என்று நினைப்பீர்கள், ஆனால் இங்கேதான் அதிகம் தவறுகிறோம். கைவசம் கிடக்கும் பாசன மோனோபிளாக் பம்பை மாட்டிவிடுகிறோம். அது நூறடி தூக்கச் செய்தது. இங்கே தூக்க வேண்டியது ஓரடி, இரண்டடி. ஃபில்டர் தொட்டியின் நீர்மட்டமும் குளத்தின் நீர்மட்டமும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்படி கட்டி, கடைசி அறையிலிருந்து மட்டும் தண்ணீரைக் குளத்துக்குத் தள்ளுங்கள். மணிக்கு 34,000 லிட்டரை 2 மீட்டர் தூக்கச் சாதாரணப் பம்பு 450 வாட் அளவில் எடுக்கும். நாளுக்கு 11 யூனிட். தூக்கும் உயரம் அரை மீட்டரானால், அதற்கென்று செய்த பம்பில், அதில் நான்கில் ஒரு பங்கு போதும். விவசாயத்துக்குத் தரும் இலவச மின்சாரம் பாசனத்துக்கானது. குளத்துக்குத் தனி இணைப்பு வாங்குங்கள். மின்கசிவைத் துண்டிக்கும் சாதனம் இல்லாமல் தண்ணீரில் எந்த மோட்டாரையும் இறக்க வேண்டாம்.

கரண்ட் போனால் என்ன என்பதற்கு விடை முன்னமே இருக்க வேண்டும். 30 டிகிரித் தண்ணீரில் ஆக்சிஜன் முழுதாகக் கரைந்தாலே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்பு இரண்டு, தனித்தனி இணைப்பில், தானாக இயங்கும்படி வையுங்கள். அதைவிடப் பெரிய ஜெனரேட்டரை வாங்கி, இரவு 2 மணிக்கு எழுந்து இழுத்து ஸ்டார்ட் செய்யும் ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மார்கழி, தை இரவுகளில் காற்று 18 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும், ஆறடித் தண்ணீர் ஓர் இரவில் ஒரு டிகிரிக்கு மேல் இறங்காது. ஆனால் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறையும். தண்ணீர் 22 டிகிரிக்குக் கீழே போனால் தீவனத்தை நிறுத்துங்கள். அந்த நாட்களில் இரவில் தண்ணீரைப் படிகளில் விழவைத்துக் குளிரூட்ட வேண்டாம். போர்த் தண்ணீர் அப்போது குளத்தைவிட வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால், அன்றாடத் தண்ணீர் மாற்றத்தை விடியற்காலையில் செய்வது நல்லது.

மேலே வலை வேண்டும், அதுவும் தண்ணீரிலிருந்து மூன்றடி உயரத்தில், கம்பிச் சட்டத்தில் இழுத்துக் கட்டியதாக. நீர்க்காகம் உங்கள் இரண்டடி மீனை ஒன்றும் செய்யாது. மயில்தான் நம் ஊர்த் தொல்லை; தண்ணீர் தேடி வலைமேல் இறங்கும், தளர்ந்த வலையானால் கால் சிக்கிக்கொண்டு அடித்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு தாழ்ந்த தொட்டியில் தண்ணீர் வைத்துவிட்டால் அவை இந்தப் பக்கம் வருவது குறையும்.

நிரம்பி வழியும் குழாய்க்கு எஃகு வலை போட்டு, அதன் வாய் தென்னைப் பாத்தியில்தான் முடிய வேண்டும். இதைக் கட்டி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்; வரைபடத்தில் முதல் கோடாக இதையே போடுங்கள்.

தீவனத்தில் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கோழிக் கழிவு வேண்டாம். கொழுப்பு ஈரலில் ஏறும், தண்ணீரும் கெடும். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பவர்கள் அப்படிச் செய்வதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூழ்கும் குச்சித் தீவனமும், முள் நீக்கிய மீன் துண்டும், இறாலும், மண்புழுவும் மாறி மாறி, வளர்ந்த மீனுக்கு வாரம் இரண்டு முறை. அது எப்போதும் பசித்தது போலவே பார்க்கும். அந்தப் பார்வைக்கு இரங்கிவிடாதீர்கள்.

துணைக்கு ஏதாவது விட விரும்பினால் பெரிய கட்லாவை விடுங்கள். ஆழியாறு, பவானிசாகர் பக்கத்து அரசுப் பண்ணைகளில் குஞ்சு கிடைக்கும். வேறொரு தொட்டியில் ஒன்றரை அடி வரை வளர்த்து இங்கே மாற்றினால் ரெட்டெயிலின் வாயிலிருந்து தப்பும் உயரமும் பருமனும் அதற்கு வந்துவிடும். மூன்றடியைத் தாண்டும் கட்லா மாலை வெயிலில் மேல்மட்டத்தில் வாய் திறந்து நீந்துவதைப் பார்த்தவர்கள், ராட்சத மீனுக்கு அமேசான் வரை போக வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

காலக் கணக்கை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். தை பிறந்து மண் காய்ந்ததும் குழி தோண்டி, மாசிக்குள் கான்கிரீட் முடியட்டும். பங்குனி, சித்திரை முழுக்க ஊறவைத்து வடிக்க வேண்டும். வைகாசியில் ஃபில்டரை ஓடவிட்டு, இருபது சின்னக் கெண்டைகளை விட்டுத் தீவனம் போட்டு, பாக்டீரியா பிடிக்கும்வரை அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்குவதை அளந்துகொண்டே இருங்கள். இரண்டும் பூச்சியமாகி இரண்டு வாரம் நின்ற பிறகு அந்தக் கெண்டைகளை வேறிடம் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அவை இரையாகும். ஆனி கடைசியில் அல்லது ஆடித் தொடக்கத்தில், மேற்கு மேகம் மூடிய நாளில், காலையில் மீனை மாற்றலாம்.

மாற்றும்போது வலையைத் தொடாதீர்கள். ஒரு முறை நைலான் வலையில் எடுத்த கெளுத்தியின் மார்பு முள் கண்ணிகளில் பூட்டிக்கொள்ள, ஈரச் சாக்கில் மீனை வைத்து, ஒருவர் டார்ச் பிடிக்க, நான் கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணியாக நறுக்கி விடுவித்தேன். பத்து நிமிடம் ஆனது, முள்ளின் அடியில் இரத்தம் கசிந்தது. வழவழப்பான தார்பாயை ஐந்தடிக்கு மூன்றடி வெட்டி, இரு நீளப் பக்கங்களிலும் மூங்கில் கோர்த்துத் தொட்டில் போலச் செய்துகொள்ளுங்கள். தண்ணீருக்குள்ளேயே அதன் கீழ் நுழைத்து, மீனும் தண்ணீருமாகத் தூக்குங்கள். இரண்டு பேர் போதும், இரண்டடி மீனுக்குக்கூட ஒருவர் மட்டும் முயல வேண்டாம். புதுக் குளத்தின் ஓரத்தில் தொட்டிலை மிதக்கவிட்டு, அரைமணி நேரம் குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்த்து, பிறகு ஒரு பக்கத்தைத் தாழ்த்துங்கள். அது தானாக வெளியே போகட்டும். முதல் மூன்று நாள் தீவனம் வேண்டாம், குளத்தின் ஒரு பாதியில் விளக்கு வெளிச்சமும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.